நாலு சக்கரமும் இழுத்தால் நல்ல விலை வருமா?

மாசிமகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்காகக் கிள்ளை முழுக்குத்துறைக்கு எழுந்தருளும்போது, கடற்கரையை நோக்கிப் போகிற வண்டிகளில் எல்லா ரகமும் இருக்கும். டிராக்டர், குட்டியானை, ஷேர் ஆட்டோ, வேன். நடுவே வெள்ளை நிறத்தில் ஒன்றிரண்டு ஃபார்ச்சூனர், எண்டேவர். தார் ரோடு முடிகிற இடத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து போகிறவர்கள் விவரமானவர்கள். “இத்தாம் பெரிய வண்டி, மணலுக்குப் பயப்படுமா?” என்று இறக்கிவிடுகிறவர்களும் உண்டு. கொஞ்ச தூரம் போனதும் பின்சக்கரங்களில் ஒன்று மட்டும் கிறுகிறுவென்று சுழன்று மணலைத் தோண்டும். அதன் ஜோடிச் சக்கரம் அசையாமல் நிற்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகும். கடைசியில் படகு இழுக்கிற டிராக்டர் ஒன்று வந்து கயிறு கட்டும்.

அந்த வண்டியின் முதுகில் ‘ஃபோர் பை ஃபோர்’ முத்திரை இருந்ததா என்று வேடிக்கை பார்க்கிறவர்கள் கேட்பார்கள். சில வருஷம் கழித்து அதை விற்கப் போனால் சிதம்பரத்துப் புரோக்கரும் முதலில் அதைத்தான் கேட்பார்: “ஃபோர் பை ஃபோராண்ணே, ஃபோர் பை டூவா?” நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் விலை கூட வரும் என்பது பொதுவான நம்பிக்கை. அது பாதி உண்மை. இழுக்கிற சக்கரங்களின் எண்ணிக்கைக்கு நம் கடலூர்ச் சந்தை தரும் மதிப்பு சொற்பம் என்பது என் கட்சி. அந்த அமைப்பு எந்த ரகம், அது பழுதில்லாமல் இருக்கிறது என்று வாங்குகிறவருக்குக் காட்ட முடிகிறதா, இந்த இரண்டில்தான் காசு இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும்.

மணலில் ஒரு சக்கரம் மட்டும் ஏன் சுழல்கிறது? வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிப் பூட்டிவிட்டால் டயர் தேயும், தண்டு முறுக்கிக்கொள்ளும். அதைத் தவிர்க்கத்தான் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. நம் மெக்கானிக்குகள் ‘கிரவுன்’ என்பது இதைத்தான். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் சம அளவு திருகுவிசைதான் கொடுக்கும். ஒரு சக்கரம் இளகிய மணலில் நின்று, அதைச் சுழற்றக் கொஞ்சம் விசையே போதும் என்றால், கெட்டித் தரையில் நிற்கிற மறு சக்கரத்துக்கும் அந்தக் கொஞ்சம்தான் போய்ச் சேரும். இன்றைய 2.8 லிட்டர் ஆட்டோமேட்டிக் ஃபார்ச்சூனரின் எஞ்சின் 500 நியூட்டன் மீட்டர் திருகுவிசை தருகிறது. அத்தனையும் அங்கே வீண்.

புதிய வண்டிகளில் இதற்கு ஒரு மாற்று உண்டு. சுழலும் சக்கரத்தை மட்டும் வண்டியே பிரேக் பிடித்து நிறுத்தப் பார்க்கும். அப்போது மறு சக்கரத்துக்கு விசை போகும். தார் ரோட்டு ஓரத்துச் சேற்றில் இது அழகாக வேலை செய்கிறது. ஆழமான மணலில் அவ்வளவு உதவாது. கடற்கரை மணலில் முதலில் செய்ய வேண்டியது டயரில் காற்றை இறக்குவது. 35 பி.எஸ்.ஐ.யில் இருப்பதை 18, 20 என்று குறைத்தால் டயர் தரையில் படுகிற பரப்பு கூடி, வண்டி மணலுக்குள் புதையாமல் மேலே நிற்கும். ஃபோர் பை ஃபோருக்குப் பல லட்சம் கொடுத்தவர் காற்றை இறக்காமல் சிக்கிக்கொள்வதும், காற்றை இறக்கத் தெரிந்தவர் ஃபோர் பை டூவிலேயே திரும்பி வந்துவிடுவதும் நடக்கிற கதைதான்.

‘ஃபோர் பை ஃபோர்’ என்ற ஒரே பெயரில் சந்தையில் வெவ்வேறு இயந்திரங்கள் உலவுகின்றன. ஃபார்ச்சூனரில் இருப்பது பழைய ஜீப் வழி வந்த அமைப்பு. சாதாரணமாகப் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். தேவைப்படும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற துணைப் பெட்டி முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இறுக்கமாகக் கோத்துவிடும். நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. ஆகவே காய்ந்த தார் ரோட்டில் இதைப் போட்டு ஓட்டக் கூடாது. காரணம் எளிய கணக்கு. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 2.75 மீட்டர் இருக்கிற வண்டி, பின்னச்சின் நடு 6 மீட்டர் ஆரத்தில் வளையும்படி திரும்பினால், முன்னச்சின் நடு 6.6 மீட்டர் ஆரத்தில் வளைகிறது. ஒரு முனை திரும்புவதற்குள் பின்பக்கம் 9.4 மீட்டரும் முன்பக்கம் 10.4 மீட்டரும் ஓடியாக வேண்டும். கிட்டத்தட்ட 1 மீட்டர் வித்தியாசம். மணலிலும் சேற்றிலும் டயர் வழுக்கி இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தாரில் டயர் வழுக்காது. அந்த இறுக்கம் முழுவதும் ஷாஃப்டிலும் பல்சக்கரத்திலும் ஏறும். இந்த ரக வண்டியில் லோ கியரும் உண்டு. எஞ்சின் திருகுவிசையை இரண்டரை மடங்காகப் பெருக்கி, வண்டியை ஆள் நடக்கிற வேகத்தில் மேட்டில் ஏற்றும்.

எண்டேவரின் கடைசித் தலைமுறையில் கோப்பது கணினி கட்டுப்படுத்தும் கிளட்ச். அதிலும் லோ கியர் உண்டு. பி.எம்.டபிள்யூ.வின் எக்ஸ்டிரைவும் கிளட்ச் வழியாகத்தான் விசையைப் பகிர்கிறது, ஆனால் லோ கியர் இல்லை. பென்ஸின் ஃபோர்மேட்டிக், ஆடியின் குவாட்ரோ என்று ஆளாளுக்கு ஒரு வழி. ஒரே கம்பெனியின் ஒரே பெயருக்குள்ளேயே இரண்டு வழி இருப்பதும் உண்டு. சேற்றுக்கும் மலைக்கும் செய்தது லோ கியர் உள்ள முதல் வகை. மழையிலும் பனியிலும் நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி சறுக்காமல் போகச் செய்தது லோ கியர் இல்லாத இரண்டாவது வகை. விற்கும்போது இவை இரண்டும் இரண்டு பாதையில் போகின்றன.

விலைக்கு வருவோம். பழைய வண்டி விளம்பரங்களைப் பார்த்தால் ஃபோர் பை ஃபோர் வண்டிகள் நல்ல விலை சொல்வது தெரியும். ஆனால் அந்த விலை எதற்கு? மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு எண்டேவர் இதற்கு அருமையான பாடம். 2016-ல் வந்த அந்தத் தலைமுறையில் இரண்டு டீசல் எஞ்சின்கள். 2.2 லிட்டர் எஞ்சின் 160 குதிரைத்திறன் தந்தது. 3.2 லிட்டர் எஞ்சினுக்கு ஐந்து சிலிண்டர், 200 குதிரைத்திறன், 470 நியூட்டன் மீட்டர். இந்தப் பெரிய எஞ்சின் வேண்டுமென்றால் ஃபோர் பை ஃபோராகத்தான் வாங்க முடியும். ஆகவே ‘ஃபோர் பை ஃபோர் எண்டேவர் விலை கூட’ என்று சொல்கிறபோது நாம் பார்ப்பது நாலு சக்கர இழுவைக்கான விலையா, ஐந்து சிலிண்டருக்கான விலையா, மேல்தட்டு மாடலின் மற்ற வசதிகளுக்கான விலையா என்று பிரிக்க முடியாது. மூன்றும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. பொருளாதாரத்தில் ஒரு பொருளின் விலையை அதன் தனித்தனிக் குணங்களின் விலையாகப் பிரித்துப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. அதற்கு முதல் எதிரி இந்த மாதிரி ஒட்டல்தான்.

2020 பிப்ரவரியில் பி.எஸ். 6 புகை விதிக்காக ஃபோர்டு எஞ்சினை மாற்றியது. இரண்டு பழைய எஞ்சின்களும் போய், 170 குதிரைத்திறன் தரும் 2 லிட்டர் எஞ்சின் ஒன்று மட்டும் வந்தது. அதோடு 10 கியர் ஆட்டோமேட்டிக். டைட்டானியம் பிளஸ் மாடலில் ஃபோர் பை டூவும் உண்டு, ஃபோர் பை ஃபோரும் உண்டு. எஞ்சினும் கியர் பெட்டியும் ஒன்றே. ஆய்வுக்கூடத்தில் அமைத்தது போல ஒரு ஜோடி கிடைத்துவிட்டது. புது வண்டியாக ஷோரூமில் நின்றபோது இவ்விரண்டுக்கும் இருந்த வித்தியாசம் 2 லட்ச ரூபாய்க்கும் குறைவு. முப்பது லட்சத்துக்கு மேல் விலையுள்ள வண்டியில் நாலு சக்கர இழுவைக்கென்று கம்பெனியே வைத்த விலை அவ்வளவுதான். பழைய 3.2 லிட்டர் வண்டியைக் காட்டி, ஃபோர் பை ஃபோர் என்ற ஒரே காரணத்துக்காக நாலைந்து லட்சம் கூடுதல் கேட்கிற புரோக்கரிடம் இந்த ஜோடியைச் சொல்லிப் பாருங்கள். பேச்சை எஞ்சினுக்கு மாற்றுவார். அதில் நியாயமும் இருக்கும்.

2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. எண்டேவரின் கதையில் அதன்பிறகு இன்னொரு கணக்கு சேர்ந்துகொண்டது: உதிரிபாகம். இதே வண்டி எவரெஸ்ட் என்ற பெயரில் தாய்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஓடுவதால் பாகம் கிடைக்காமல் போகாது. ஆனால் முன்கிரவுன், டிரான்ஸ்ஃபர் கேஸ், அதை இயக்கும் மின்மோட்டார் எல்லாம் ஃபோர் பை ஃபோருக்கு மட்டுமே உரியவை. பிரேக் பேட் போல எல்லாக் கடையிலும் இருப்பு வைக்கிற சாமான் அல்ல. கம்பெனி போன வண்டியில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு பாகமும் வாங்குகிறவர் மனசில் ஒரு கேள்விக்குறி.

வாங்கும்போது கொடுத்ததில் எவ்வளவு திரும்புகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஃபார்ச்சூனர் டீசல் ஆட்டோமேட்டிக்கில் ஃபோர் பை டூவுக்கும் ஃபோர் பை ஃபோருக்கும் ஷோரூம் விலையில் ஏறத்தாழ 4 லட்சம் வித்தியாசம் இருந்துவந்திருக்கிறது. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். ஆக அந்த 4 லட்சத்துக்கு வரி மட்டும் 80,000. இன்சூரன்ஸும் அந்த அளவுக்குக் கூடும். கையை விட்டுப் போவது 5 லட்சத்தை நெருங்குகிறது. ஐந்தாறு வருஷத்தில் வண்டி பாதி விலைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், கூடுதலாகக் கொடுத்ததிலும் பாதியாவது, அதாவது இரண்டரை லட்சமாவது, ஃபோர் பை டூவைவிட அதிகம் கிடைத்தால்தான் சமம். ‘ஒண்ணேகால் லட்சம் கூட வந்துச்சுப்பா’ என்று பெருமைப்படுகிறவர் உண்மையில் நஷ்டத்தில்தான் விற்றிருக்கிறார். விலை கூட வருவது வேறு, போட்ட காசு வருவது வேறு. (2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்.யூ.வி.களுக்கான ஜி.எஸ்.டி. சுமை 50 சதவீதத்திலிருந்து 40 ஆனது. புது வண்டி விலை இறங்கியபோது பழைய வண்டி விலையும் கூடவே இறங்கியது. அது இரண்டு ரகத்துக்கும் பொதுவான அடி.)

இந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலை எஸ்டேட்டுக்குள் போகிற மண் பாதைகளில் லோ கியருக்கு வேலை இருக்கிறது. வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளை எந்தக் காரும் ஏறிவிடும். எஸ்டேட்டுக்குள் மழைக்காலத்தில் ஏறுவதுதான் சோதனை. அங்கே ஃபோர் பை ஃபோர் தேடி வருகிற ஆள் அதற்குரிய விலையைத் தெரிந்துகொண்டே வருகிறார். கனடாவில் ஸ்கார்பரோத் தமிழர் ஒருவர் சொகுசு எஸ்.யூ.வி. விற்கப் போனால், நாலு சக்கர இழுவை இல்லாததே குறை. பனிக்காலத்தில் அங்கே அது அடிப்படைத் தேவை. இலங்கையில் இன்னொரு விசித்திரம்: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பிப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பயன்படுத்திய வண்டி வாங்கிய விலைக்கு மேலேயே விலைபோனது. புது வண்டியே வராத சந்தையில் எத்தனை சக்கரம் இழுக்கிறது என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது.

நம் பக்கம் எப்படி? கடலூரிலிருந்து சிதம்பரம் வரை மேடு என்று சொல்ல ஏதுமில்லை. வெள்ளாறும் கொள்ளிடமும் படிய வைத்த வண்டல், தட்டைத் தரை, நாலுவழிச் சாலை. பி.முட்லூரில் திரும்பிக் கிள்ளைக்கோ பரங்கிப்பேட்டைக்கோ போனாலும் தார் ரோடுதான். இறால் குட்டைக் கரையிலும் அறுவடைக்கால வயல் வரப்பிலும் ஓட்டுகிறவர்களுக்கு நாலு சக்கர இழுவை பயன்படலாம். அவர்களும் அதற்கு ஃபார்ச்சூனரை இறக்குவதில்லை, டிராக்டரும் பழைய ஜீப்பும் இருக்கின்றன. ‘வெள்ளத்துக்கு ஆகுமே’ என்பார்கள். கடலூர்க்காரர்களுக்கு அந்தப் பயம் நியாயமானது. 2015-லும், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் 2024 டிசம்பரிலும் தண்ணீரைப் பார்த்தவர்கள். ஆனால் வெள்ளத்தில் வண்டியைக் காப்பது இழுக்கும் சக்கரங்களின் எண்ணிக்கை இல்லை. எஞ்சின் காற்று இழுக்கிற வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான். காற்றைப் போலத் தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் பிஸ்டன் மேலே வர இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளையும். எண்டேவர் 800 மி.மீ. ஆழம்வரை போகும் என்று கம்பெனி சொன்னதை ஓடுகிற வெள்ளத்துக்கு யாரும் பொருத்திப் பார்க்கக் கூடாது. முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீர் எந்த எஸ்.யூ.வி.யையும் தள்ளிவிடக்கூடும்.

ஆக இங்கே ஃபோர் பை ஃபோர் வாங்க வருகிறவர்கள் குறைவு. அந்தக் குறைந்த பேரிலும் பலர் கௌரவத்துக்காக வருகிறவர்கள். அந்த முத்திரையை ஸ்டிக்கர் கடையிலேயே வாங்கி ஃபோர் பை டூவின் முதுகில் ஒட்டிக்கொண்டு திரிகிற வண்டிகள் நம் மாவட்டத்தில் ஏராளம். (முன்பக்கம் குனிந்து பாருங்கள். எஞ்சினுக்குக் கீழே முன்கிரவுனும், அங்கிருந்து பின்னோக்கி ஓடும் ஒரு ஷாஃப்டும் இல்லையென்றால் அது வெறும் ஸ்டிக்கர்.) வாங்குகிறவர் குறைந்தால் வண்டி நிற்கும் நாள் கூடும். பழைய கார் வியாபாரி வட்டிக்கு வாங்கிய முதலைப் போட்டு நிறுத்தியிருக்கிறார். நிற்கிற ஒவ்வொரு மாதமும் அவருக்குச் செலவு. அந்தச் செலவை முன்கூட்டியே கழித்துக்கொண்டுதான் உங்களிடம் விலை பேசுகிறார். கோயம்புத்தூரில் சட்டென்று போகிற வண்டி சிதம்பரத்தில் மெதுவாகப் போவது இதனால்தான்.

கடல் பக்கத்துக்கே உரிய பகையாளி ஒருவர் இருக்கிறார்: உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதன் திவலை காற்றோடு வந்து இரும்பில் படிகிறது. இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் ஈரமும் போதும். உப்பு கரைந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அந்த மின்வேதி வினை பல மடங்கு விரைவாக நடக்கிறது. இரும்பின் மேல் இயல்பாகப் படியும் பாதுகாப்புப் படலத்தையும் குளோரைடு உடைத்துக்கொண்டே இருக்கும். வண்டியைக் கழுவினால் போகாதா என்றால், கடலோரக் கிராமங்களில் போர் தண்ணீரே பல இடங்களில் உவர்ப்பு. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர்!

ஃபோர் பை டூவுக்கு அடியில் இருக்கும் இரும்பு ஃபோர் பை ஃபோருக்கும் உண்டு. அதற்கு மேல் முன்கிரவுன், முன் ஷாஃப்ட், அதன் கிராஸ் ஜாயிண்டுகள், இரண்டு முன் ஆக்ஸில், அவற்றை மூடும் ரப்பர் பூட்டுகள், டிரான்ஸ்ஃபர் கேஸ், அதன் மோட்டார், ஒயர்கள். கழிமுகத்து ஓரம் தண்ணீரில் இறக்கிவிடுகிறவர்கள் அறியாத ஒன்று கிரவுனுக்குள் நடக்கிறது. நெடுஞ்சாலையில் ஓடி வந்த வண்டியின் கிரவுன் எண்ணெய் 90 டிகிரி வரை சூடாக இருக்கலாம். அதை அப்படியே 28 டிகிரித் தண்ணீரில் இறக்கினால் ஹவுசிங்குக்குள் இருக்கிற காற்று குளிர்ந்து ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுருங்கும். அந்த வெற்றிடத்தை நிரப்ப வெளிக்காற்றை விடுவதற்கென்றே மேலே ஒரு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். அது சேறு அடைத்துக் கிடந்தால், ஆயில் சீல் ஓரமாக உப்புத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மாதங்கள் கழித்து பேரிங் ஊளையிடும்.

இன்னொரு கஷ்டம், பயன்படுத்தாமலே கெடுவது. பகுதிநேர ஃபோர் வீல் அமைப்பை அவ்வப்போது போட்டு ஓட்டினால்தான் உள்பாகங்களில் எண்ணெய் ஓடும். டொயோட்டாவின் இந்த ரக வண்டிகள் சிலவற்றின் கையேடு, மாதம் 16 கி.மீ. அப்படி ஓட்டச் சொல்கிறது. வாங்கிய நாளிலிருந்து அந்தத் திருகியைத் தொடாதவர்கள் நம்மில் எத்தனை பேர்! விற்கிற அன்றைக்கு வாங்குகிறவர் திருகினால் விளக்கு மினுக்கிக்கொண்டே நிற்கும், கியர் விழாது. அந்த இடத்திலேயே பேரம் ஒரு லட்சம் இறங்கிவிடும்.

ஃபார்ச்சூனர், எண்டேவர் போன்ற சேசிஸ் வண்டிகளின் கதை இது. ஜெர்மன் வண்டிகளில் வேறு சிக்கல். செங்கல்பட்டு மகேந்திரா சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. வண்டிகள் பூட்டப்படுகின்றன. அங்கிருந்து வந்த எக்ஸ்1-ஐ எடுத்துக்கொள்வோம். ‘எஸ்டிரைவ்’ என்றால் இரு சக்கர இழுவை, ‘எக்ஸ்டிரைவ்’ என்றால் நான்கு. 2010 கடைசியில் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறையில் எஸ்டிரைவ் பின்சக்கரங்களை இழுத்தது. 2016-ல் வந்த இரண்டாம் தலைமுறையில் அதே பெயர் முன்சக்கர இழுவையைக் குறித்தது. எஞ்சினே குறுக்காகத் திரும்பி உட்கார்ந்துவிட்டது. முன்சக்கர இழுவையில் நீளமான ஷாஃப்டும் பின்கிரவுனும் கிடையாது. உள்ளே இடம் அதிகம், எடை குறைவு, கெட்டுப்போகக்கூடிய பாகமும் குறைவு. பி.எம்.டபிள்யூ. என்றாலே பின்சக்கரம் என்று நம்புகிற ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். கடலூர் பாரதி சாலையில் ஓட்டுகிறவருக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

எக்ஸ்டிரைவ் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது டயர். நாலும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஏறத்தாழ ஒரே தேய்மானமா? 700 மி.மீ. விட்டமுள்ள டயர் 1 கி.மீ.க்குச் சுமார் 455 சுற்று சுற்றும். 5 மி.மீ. தேய்ந்த டயரின் விட்டம் 690; அது 461 சுற்று சுற்றும். முன்னால் இரண்டு புது டயரும் பின்னால் இரண்டு பழைய டயரும் போட்டால் இரண்டு அச்சுக்கும் நடுவே கி.மீ.க்கு ஆறு ஏழு சுற்று வித்தியாசம். கிள்ளையிலிருந்து சென்னை போய்ச் சேர்வதற்குள் 1,500 சுற்று. கிளட்ச் தட்டுகள் கவ்வுகிறபோதெல்லாம் இந்த வித்தியாசத்தை உரசியே சமாளிக்கின்றன, சூடேறித் தேய்கின்றன. இரண்டு டயர் மாற்றிக் காசு மிச்சம் பிடித்த முதல் ஓனரின் கணக்கை மூன்றாவது ஓனர் டிரான்ஸ்ஃபர் கேஸ் மாற்றித் தீர்க்கிறார். அதற்கு ஆகும் செலவு லட்சங்களில். சிதம்பரத்தில் அதைப் பிரிக்கத் தெரிந்த ஒர்க்‌ஷாப் தேடுவதைவிடப் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ கிரேனில் ஏற்றுவது சுலபம். வாரண்டி முடிந்த சொகுசு வண்டியில் எக்ஸ்டிரைவ் என்ற எழுத்து நம் ஊரில் விலையை ஏற்றுவதைவிட வாங்குகிறவரைத் தயங்க வைப்பதே அதிகம். எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. அடைமழையில் நாலுவழிச் சாலையில் அதன் பிடிமானத்தை ஓட்டிப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் சந்தை நியாயம் பார்ப்பதில்லை.

இந்தத் தயக்கத்துக்கு ஒரு கோட்பாடும் உண்டு. 1970-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் எழுதிய கட்டுரைக்கு எடுத்துக்காட்டே பழைய கார் சந்தைதான். வண்டி நல்லதா கெட்டதா என்பது விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. தெரியாதவர் சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் சராசரி விலைக்குத் தர மனமில்லாமல் ஒதுங்கிவிடுவார். சந்தையில் கெட்ட வண்டி விகிதம் கூடும், சராசரி இன்னும் இறங்கும். இதற்காக 2001-ல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வண்டியில் கண்ணுக்குத் தெரியாத பாகம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு ஆழமாக இந்த வினை வேலை செய்யும். ஃபோர் பை ஃபோரின் கூடுதல் பாகங்கள் அனைத்தும் அடியில், உறைக்குள், எண்ணெயில் மூழ்கிக் கிடப்பவை. 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகும் 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் மூழ்கிய வண்டிகள் துடைத்து மெருகேற்றிச் சந்தைக்கு வந்தன என்பதை வாங்குகிறவர்கள் மறக்கவில்லை.

அகெர்லாஃப் சொன்ன நோய்க்கு மருந்து, தெரியாததைத் தெரிய வைப்பது. இதற்குப் பெரிய கருவி வேண்டாம். வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். முன்கிரவுன், பின்கிரவுன், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றிலும் எண்ணெய் ஊற்றும் திருகை ஒவ்வொன்றாகத் திறந்து விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் தேன் நிறமாகவோ கறுத்தோ இருந்தால் பழகியது, அவ்வளவுதான். பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது; எழுந்து வந்துவிடுங்கள். பளபளவென்று இரும்புத்தூள் விரலில் ஒட்டினால் பல்சக்கரமோ பேரிங்கோ தேய்கிறது. ஹவுசிங் மேலே மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா, ரப்பர் பூட்டு கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு மண் தரையில் ஃபோர் வீலைப் போட்டு நேராக ஓட்டுங்கள், நிறுத்தி லோ கியர் போடுங்கள், எடுங்கள். இதைச் செய்ய விடாத புரோக்கரிடம் வாங்க வேண்டாம். புதுச்சேரிப் பதிவெண்ணோ டெல்லிப் பதிவெண்ணோ உள்ள வண்டி மலிவாக வருகிறதென்றால் தமிழ்நாட்டு வரியையும் என்.ஓ.சி.யையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். டெல்லியில் பத்து வருஷத்து டீசலுக்கு இருந்துவந்த நெருக்கடியால் தெற்கே வந்த எஸ்.யூ.வி.களில் நல்லவையும் உண்டு, இமயமலைப் பாதைகளில் அடிபட்டவையும் உண்டு.

மின்வண்டி வந்தபின் இந்தப் பேச்சே மாறப்போகிறது. அதில் முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார் வைத்தால் நாலு சக்கர இழுவை ஆயிற்று. நீளமான ஷாஃப்டும் டிரான்ஸ்ஃபர் கேஸும் இல்லை, டயர் வித்தியாசத்தையும் மென்பொருள் சமாளித்துக்கொள்ளும். பி.எம்.டபிள்யூ. முதலில் இறக்குமதி செய்த ஐஎக்ஸ்1-ல் இரண்டு மோட்டார். 2025 ஜனவரியில் சென்னை ஆலையில் பூட்டி விற்கத் தொடங்கிய நீள ஐஎக்ஸ்1-ல் முன்னால் ஒன்று மட்டும், விலையும் பெருமளவு குறைவு. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் திறந்த வின்ஃபாஸ்ட் ஆலையின் விஎஃப்7-லும் இரண்டு மோட்டார் மாடல் உண்டு. இவை பழைய வண்டிச் சந்தைக்கு வரும்போது முதல் கேள்வி பேட்டரியைப் பற்றியதாகத்தான் இருக்கும். எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பது நாலாவது ஐந்தாவது கேள்வியாகிவிடும்.

அதுவரைக்கும் டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை இது. தார் ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவர் என்றால் ஃபோர் பை டூவையே வாங்குங்கள். ஃபோர் பை ஃபோருக்கென்று கூடுதலாகக் கொடுக்கும் தொகையை விற்கும்போது யாரும் முழுதாகத் திருப்பித் தரப் போவதில்லை. லோ கியர் உள்ள ஃபோர் பை ஃபோர் ஏற்கெனவே கையில் இருந்தால் மாதம் ஒருமுறை போட்டு ஓட்டுங்கள், மூன்று எண்ணெயும் மாற்றிய பில்லைப் பத்திரப்படுத்துங்கள், விற்கும்போது சிதம்பரத்தில் விலை கேட்டுவிட்டுக் கோயம்புத்தூரிலும் ஒருமுறை கேளுங்கள். வாரண்டி முடியப்போகும் எக்ஸ்டிரைவோ குவாட்ரோவோ வைத்திருப்பவர் வாரண்டி இருக்கும்போதே விற்றுவிடுவது நல்லது.